பெரியம்மாவுக்கு ஒரு பயணத்திட்டம்

கப்பல் வெள்ளிக்கிழமை காலையில் சென்னைத் துறைமுகத்தை அடையும். ஞாயிறு நள்ளிரவை ஒட்டி, பெங்களூரிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். இடைப்பட்ட நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று திட்டமிடும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் நடந்த கதை இது. கிள்ளானிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி சற்று அசட்டுத்தனமானது: "கடலே இல்லாத ஊருக்குக் கப்பல்ல வரீங்களா பெரியம்மா?"

அவர் சிரித்தார். கிள்ளான் துறைமுக நகரம். அங்கேயே சொகுசுக் கப்பல்கள் வந்து போகின்றன. ஆனால் அவ்வாண்டு ஜூன் 5 அன்று சென்னையிலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் இலங்கைக்குப் பயணத்தைத் தொடங்கியிருந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எனத் தீவின் துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் வழித்தடம் அது. பெரியம்மாவின் தோழியர் சிலருக்குத் திருக்கோணேசுவரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அந்தக் குழுவோடு இவரும் சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் கப்பலிலிருந்து இறங்கிச் சென்னையிலிருந்தே ஊர் திரும்ப, இவர் மட்டும் பெங்களூரிலிருந்து பயணச்சீட்டு எடுத்திருந்தார். காரணத்தை நான் கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தகைய பயணத்தைத் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் இந்தியாவிலிருந்து புறப்பட்டு அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுத் திரும்புவதால், வெளிநாட்டுக் குடியுரிமை உடையவர்கள் இந்தியாவுக்குள் இருமுறை நுழைகிறார்கள். ஒருமுறை நுழைவுக்கு மட்டுமான விசா இதற்குப் போதாது. இரண்டாவது, கப்பல் கரைசேரும் நாளிலேயே விமானம் ஏறுவது போன்ற அறியாமை வேறில்லை. கடலின் மனநிலை, துறைமுகத்தில் இடம் கிடைப்பது, குடிநுழைவு வரிசை ஆகிய மூன்றும் நம் கையில் இல்லை. ஓரிரவேனும் இடைவெளி வேண்டும். பெரியம்மா இரண்டு இரவுகள் விட்டிருந்தார்.

நான் கணக்கிட்டேன். சென்னையிலிருந்து மாலைச் சதாப்தியில் புறப்பட்டால் இரவு பத்தரை மணிவாக்கில் பெங்களூர் கண்டோன்மென்ட். ஞாயிறு மாலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். தேவனஹள்ளி விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஞாயிறு மாலை நெரிசலில் அது எத்தனை மணி நேரம் என்பதை எந்தச் செயலியும் நேர்மையாகச் சொல்லாது. ஆக மொத்தம் 43 மணி நேரம். உறக்கத்துக்கு 14 போக, மிச்சம் 29.

இந்த 29 மணி நேரத்துக்கு நான் இரண்டு திட்டங்கள் தயாரித்தேன்.

முதலாவதை வாட்சப்பில் அவருக்கு அனுப்பினேன். லால்பாக்கின் கண்ணாடி மாளிகை, சுதந்திர தினத்தை ஒட்டி அங்கு நடக்கும் மலர்க் கண்காட்சி, 1924 முதல் இயங்கும் மாவள்ளி டிபன் ரூம்ஸில் ரவா இட்லி, வெளியே நின்றபடி விதான சௌதா. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலையும் சேர்த்திருந்தேன். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூர் என்கின்றன. தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயரும் உண்டு. பெரியம்மாவின் பதில் ஒரே வரி: "கல்லுல இருக்கிற தமிழ நீ பாரு கண்ணு, நான் பூ வாங்கணும்."

இரண்டாவது திட்டம் என் களப்பணிக் குறிப்பேட்டில் இருந்தது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவைத் தொடங்கினேன்.

என் ஆய்வு பெங்களூர்த் தமிழ் பற்றியது. தண்டுப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் பேச்சில் கன்னடம் எங்கெங்கே, எவ்வளவு ஆழமாகக் கலந்திருக்கிறது என்பதே கேள்வி. இதற்கு இன்றைய பேச்சாளர்கள் கிடைக்கிறார்கள். ஆனால் முப்பதாண்டுகளுக்கு முன் இவ்வூரைவிட்டுப் போய், பிறகு இவ்வூர்ப் பேச்சோடு தொடர்பே இல்லாமல் வாழ்ந்த ஒருவர் கிடைத்தால், அவருடைய நாவில் பழைய நிலை அப்படியே தங்கியிருக்கும் என்று நான் நம்பினேன். பெரியம்மா அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். 1992இல் மணமாகிக் கிள்ளான் போனார். அதன்பின் ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறார். சென்னையில் இறங்குவார், சென்னையிலேயே விமானம் ஏறுவார். பெங்களூருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

ஏன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 ஜூன் 25 அன்று வந்தது. டிசம்பர் 11 அன்று அது மத்திய அரசிதழில் வெளியாயிற்று. அடுத்த இரு நாள்களில் பெங்களூரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின, பல்லாயிரவர் ஊரைவிட்டு வெளியேறினர். தாத்தாவின் தையற்கடை நகரின் மேற்குப் பக்கத்தில் இருந்தது. அது எரிந்தது. அன்றிரவு தாத்தா அல்சூர் வீட்டுக்குத் திரும்பவில்லை, மூன்றாம் நாள்தான் வந்தார். பாட்டி, 22 வயதுப் பெரியம்மா, 17 வயது அம்மா மூவரும் அந்த இரவுகளில் வீட்டில் இருந்தார்கள். அடுத்த மாதம் குடும்பம் ஆம்பூருக்குப் பெயர்ந்தது. நான் பிறந்தது அதற்குப் பின்னர். அந்த இரவுகளைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

சமூகமொழியியல் படித்தவர்களுக்கு வில்லியம் லபோவின் உத்தி நினைவிருக்கும். ஒலிப்பதிவுக் கருவியின் முன் எவரும் திருத்தமாகப் பேசவே முயல்வர். அவர்களின் இயல்பான பேச்சை வெளிக்கொணர, 1960களில் நியூயார்க்கில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: சாகப்போகிறோம் என்று எண்ணிய தருணம் உங்கள் வாழ்வில் உண்டா? அந்தத் தருணத்தை விவரிக்கும்போது மனிதர் தம் பேச்சைக் கண்காணிக்க மறந்துவிடுகிறார். அப்போது வெளிப்படுவதே ஆய்வாளர் தேடும் மொழி. முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது எவ்வளவு நுட்பமான உத்தி என்று வியந்து அடிக்கோடிட்டேன்.

என் இரண்டாவது திட்டத்தின் வரைபடம் இதுதான். சனி காலை அல்சூர் சோமேசுவரர் கோயில், அங்கிருந்து நடந்து பழைய தெரு, பிறகு ஏரிக்கரை. இடம் நினைவைக் கிளறும், நினைவு பேச்சைக் கிளறும். ஏரிக்கரையில் அமர்ந்தபின் அந்த டிசம்பரைப் பற்றிக் கேட்பது. பையில் ஒலிப்பதிவுக் கருவி, முழுதாக மின்னேற்றிய மின்கலம், ஒப்புதல் படிவம். படிவத்தில் எல்லாம் முறைப்படி இருந்தது. பேச்சாளர் அட்டவணையில் அவருக்கென 14ஆம் எண்ணை ஒதுக்கியும் வைத்தேன். இதை விருந்தோம்பல் என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சென்ட்ரலில் சந்தித்தோம். கப்பலில் நான்கு நாள் இருந்ததில் நிலம் இன்னும் ஆடுகிறது என்றார். ரயில் காட்பாடியைத் தாண்டும்வரை திருகோணமலையைப் பற்றியே பேச்சு. சதாப்தியில் உணவு வந்ததும், "நீ பசியாறலையா?" என்றார். மலேசியத் தமிழர்களின் அன்றாடச் சொல் அது. சர்க்கரையைச் சீனி என்றார். என் மனத்துக்குள் இருந்த ஆய்வாளர் முகம் சுருங்கினார். உறைந்து கிடக்கும் பெங்களூர்த் தமிழை எதிர்பார்த்துப் போனேன். ஆனால் முப்பதாண்டுகள் கிள்ளானில் வாழ்ந்த ஒருவர் கிள்ளான் தமிழில்தானே பேசுவார்? பேசுகிறவர் வாழ்ந்துகொண்டிருக்கும்போது அவர் மொழி மட்டும் எப்படி உறைந்திருக்கும்? முதலாண்டு மாணவர்கூடக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது.

ஆம்பூர் நிலையம் இருட்டில் கடந்தது. பெரியம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்: "அப்ப இந்த வழியாத்தான் இந்தப் பக்கம் வந்தோம். இப்பத்தான் திரும்பிப் போறேன்." சற்று நேரம் கழித்து, குரலை மாற்றாமல், "உங்கம்மா சொன்னா, நீ பேச்செல்லாம் மிஷின்ல புடிக்கிறியாம். என்ன வேணா கேளு கண்ணு. அந்த ராத்திரிய மட்டும் கேக்காதே. உங்க பெரியப்பா இதுவரைக்கும் கேட்டதில்ல."

சரி என்றேன். பை மடியில்தான் இருந்தது.

சனிக்கிழமைக்கு அவரே திட்டம் வைத்திருந்தார், அது மிகச் சிறியது. காலையில் லால்பாக், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைப் பார்த்ததும் அரை மணி நேரத்தில் வெளியேற்றம். மதியம் என் அறையில் உறக்கம். மாலை மெட்ரோவில் ஹலசூரு நிலையம். நிலையத்தின் பெயர்ப்பலகையை அவர் எழுத்துக்கூட்டிக் கன்னடத்தில் படித்தார். ஹலசு என்றால் கன்னடத்தில் பலா. பழைய கன்னடத்தில் சொல்முதலில் இருந்த பகரம் பிற்காலத்தில் ஹகரமானது. பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பலா ஹலசு. அந்த ஹகரத்தையும் தமிழர் நாக்கு உதிர்த்துவிட, அல்சூர். ஓர் ஊர்ப்பெயருக்குள் இரண்டு மொழிகள் இப்படிக் கைமாறியிருக்கின்றன என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் "அப்படியா" என்றார். அதற்குமேல் ஆர்வம் காட்டவில்லை.

கோயில் வாசலில் பூக்காரம்மாள் ஒருவர். பெரியம்மா குனிந்து, "ஒந்து மொள எஷ்டம்மா?" என்றார்.

நான் திகைத்து நின்றேன். கிள்ளானில் அவருக்குக் கன்னடம் பேச ஆளே கிடையாது. இருந்தும் அந்த வாக்கியம் நேற்றுப் பேசிவிட்டு வந்ததுபோல் விழுந்தது. விலையைக் கேட்டதும், "சொல்ப கம்மி மாடி" என்றார். சொல்ப என்ற சொல்லுக்காக நான் எத்தனை வீடுகளில் எத்தனை மணி நேரம் ஒலிப்பதிவு செய்திருக்கிறேன்! பூக்காரம்மாள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தமிழ்லயே கேளும்மா, நம்ம ஆளுதானே" என்றார். இருவரும் சிரித்தனர். இரண்டு முழம் வாங்கி, ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்தார், ஒன்றை என் தலையில் வைத்துவிட்டார்.

இவரிடம் நான் தேடிய பெங்களூர்த் தமிழ் கிள்ளானில் கரைந்து போயிருந்தது. அவர் இழந்திருப்பார் என்று நான் எண்ணிய கன்னடமோ அப்படியே இருந்தது. நானோ தமிழைப் பதிவு செய்வதற்கான கேள்விகளை மட்டுமே தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். தெருவுக்குப் போகலாமா என்று கேட்டேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

மறுநாளும் தெருவுக்குப் போகவில்லை. ஞாயிறு காலை ஏரியை ஒட்டியுள்ள திருவள்ளுவர் சிலைக்குப் போனோம். 1991இல் வைக்கப்பட்ட அந்தச் சிலை எதிர்ப்பின் காரணமாகத் திறக்கப்படாமலே 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று பெங்களூரில் அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. "நான் போறப்ப இவரு மூடித்தான் இருந்தாரு" என்று சொல்லிப் பெரியம்மா நெடுநேரம் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு ஏரிக்கரையில் அமர்ந்தோம். நான் ஏதும் கேட்கவில்லை. அவராகவே பேசத் தொடங்கினார். ஒலிப்பதிவுக் கருவி அறையில் இருந்தது. காலையில் அதைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசினார். அதில் ஒன்றை மட்டும் எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் கன்னடம் பேசும் அம்மாள் ஒருவர் இருந்தார். அன்று பொழுது சாய்ந்ததும் ஒரு முறத்தையும் அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு வாசற்படியில் விளக்கைப் போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டார். இரவு முழுதும் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார். தெருவில் எவரேனும் வந்து நின்று விசாரித்தால் தன் வீடு என்று கன்னடத்தில் சொல்வார், மீண்டும் புடைப்பார். உள்ளே மூவரும் விளக்கில்லாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார்கள். சத்தம் நின்றால் பயம். "புடைச்ச அரிசியையே திரும்பத் திரும்பப் புடைச்சாங்க" என்றார் பெரியம்மா. அந்த அம்மாளின் குடும்பம் பின்னர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டது என்பதைக் கடிதம் மூலம் அவர் முன்பே அறிந்திருந்தார். தெருவுக்குப் போகாததன் காரணம் அதுதான். பார்க்க ஆள் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எந்தத் தமிழில் பேசினார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிள்ளான் தமிழா, அல்சூர்த் தமிழா, எங்கே கன்னடத்துக்கு மாறினார், எங்கே திரும்பினார்? கவனிக்கவில்லை. இரவு அறைக்குத் திரும்பிக் குறிப்பெழுத உட்கார்ந்தபோது ஒரு வாக்கியத்தைக்கூட ஒலிப்போடு மீட்க முடியவில்லை.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் அவர் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தைப் பற்றிப் பேசினார். அல்சூர் மொட்டைமாடியிலிருந்து விமானங்கள் தாழப் பறப்பதைத் தங்கையும் தானும் எண்ணுவார்களாம். இந்தப் புதிய நிலையம் இன்னொரு ஊரில் இருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார். வாசலில் இறங்கியதும், "அடுத்த தடவ உங்கம்மாவையும் கூட்டிட்டு வரணும். மூணு ராத்திரியா வச்சிக்கலாம்" என்றார்.

வாயு வஜ்ரா பேருந்தில் திரும்பினேன். ஆய்வேட்டின் பேச்சாளர் அட்டவணையைச் சென்ற மாதம் நெறியாளரிடம் காட்டியபோது, 13க்குப் பிறகு 15 வருகிறதே, எண்ணில் பிழையா என்று கேட்டார். இல்லை, அந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.