சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

என் கார் 1998 மாடல். மாமனார் கொடுத்தது. (வரதட்சணை என்று கேஸ் போட்டுவிடாதீர்கள். நிறுத்த இடமில்லாமல் என் தலையில் கட்டினார்!) எந்தக் கம்பெனி கார் என்று கேட்காதீர்கள். தப்பு கம்பெனி மேல் இல்லை, என் மேல்தான்.

ஒரு மாதமாக அதற்கு ஒரே வியாதி. ராத்திரியில் ஹெட்லைட் எரியும். ஆனால் பின்பக்கச் சிவப்பு லைட், நம்பர் பிளேட் லைட், டாஷ்போர்டு வெளிச்சம் மூன்றும் சேர்ந்து லீவு போட்டுவிடும். ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்தால் கலர் கலராகச் சொருகியிருக்கும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். இதில் ஒரு சிவப்பு உருகியிருந்தது. புதுசு போட்டேன், எரிந்தது. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். நாலாம் நாள் மறுபடி அவுட். மறுபடி புதுசு.

நான் பி.காம். சார். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லையென்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற ஜாதி. காரிலும் அதே புத்தி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். டிக்கி நிறைய மூட்டை. வழக்கம்போல் ஏறி உட்கார்ந்துதான் மூட வேண்டியிருந்தது. செங்கல்பட்டு தாண்டி லைட் போட்டேன். டாஷ்போர்டு இருட்டு. கையில் ஸ்பேர் ஃப்யூஸும் இல்லை. பின்னால் லைட் இல்லாமல் ஹைவேயில் போனால் லாரிக்காரன் நம்மைப் பார்க்கவே மாட்டான்.

ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். கீழே கிடந்த சிகரெட் பாக்கெட்டின் சில்வர் பேப்பரை எடுத்து, செத்த ஃப்யூஸ் மேல் சுற்றிச் சொருகினேன். ஜெகஜ்ஜோதி!

"டீக்கடையில ஃப்யூஸ் கிடைச்சுதாங்க?"

"கிடைச்சுது."

மதுராந்தகம் தாண்டியிருப்போம். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் ஐந்து வயசுப் பெண் எழுந்து, "அப்பா, யாரோ பிளாஸ்டிக் எரிக்கிறாங்க" என்றாள். வெளியே பார்த்தேன். யாரும் எதையும் எரிக்கவில்லை. என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து புகை வந்தது.

எப்படி ஓரம் கட்டினேன், எப்படி அவளை வாரித் தூக்கினேன் என்பதெல்லாம் ஞாபகமில்லை. லைட்டை அணைத்தேனா என்றும் தெரியாது. பின்னால் வந்து நின்ற லாரி டிரைவர், "பேட்டரியைக் கழட்டுய்யா, பார்த்துக்கிட்டு நிக்கறே!" என்று கத்தியபடி பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு ஓடிவந்து நெகடிவ் டெர்மினலை உருவினார்.

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு பாய். ஒயரிங் வேலை. ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்தவர், சில்வர் பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத் திட்டியே இருக்கலாம்.

கருகிய இடங்களில் புது ஒயர் போட்டார். பிறகு அந்த லைன் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஃப்யூஸ் இருந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டினார். லைட் சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்! "பாருங்க தம்பி, எரிய வேண்டிய லைட்டு ஒண்ணுகூட இல்ல. இது எரியுதுன்னா கரன்ட் எங்கியோ பாடியில இறங்குது. ஃப்யூஸா இருந்தா உருகிடும். பல்பு அவ்வளவு கரன்டை விடாது, நாம நிதானமா தேடலாம்."

ஒயரை ஓர் ஓரத்திலிருந்து அசைத்துக்கொண்டே வந்தார். பல்பு அசரவில்லை. டிக்கி மூடியைத் தூக்கியதும் பொசுக்கென்று அணைந்தது. இறக்கினால் எரிந்தது. கீல் பக்கம், நம்பர் பிளேட் லைட்டுக்குப் போகிற ஒயர் தோலுரிந்து தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் ஏறி உட்கார்ந்து மூடிய டிக்கி!

"ஃப்யூஸ் மொதல்ல உருகினா ஒயர் பொழைக்கும். நீங்க அதை உருக விடல, ஒயர் உருகிடுச்சு" என்றவர், பழைய ஒயர் கட்டைப் பிரித்துக் காட்டினார். எரிந்த ஒயரோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று. "இது எங்க போகுது, தெரியுமா? பெட்ரோல் டேங்க் மிதவைக்கு."

650 ரூபாய் வாங்கிக்கொண்டு, நாலு சிவப்பு ஃப்யூஸை இலவசமாகக் கையில் வைத்தார்.

மாமனாரிடம் "ஷார்ட் சர்க்யூட்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மனைவியிடமும் அதேதான். இந்த இதழ் வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரிப்பவள் அவள்தான்.