மரக்காணத்தில் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி

வீட்டுப் பாதுகாப்புக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கர்களின் பதில்தான். 12 போர் செமி ஆட்டோமேட்டிக், பதினெட்டு பதினெட்டரை அங்குலக் குழல், அடியில் டார்ச், பக்கவாட்டில் தோட்டா செருகி வைக்கும் பட்டை... அப்படியே சினிமா. இதே கேள்வியை மரக்காணத்தில் உப்பளத்து ஓரம் தனி வீடு கட்டிக் குடியிருக்கும் ஒருவர் கேட்டால் பதில் முற்றிலும் வேறு.

(12 போர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று சரியாக நுழையும் குழல். சுமார் 18.5 மில்லிமீட்டர்.)

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு ஓர் ஆச்சரியம். குழலின் உட்புறம் வழவழப்பாக, நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாமல் உள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்கென்று ஒரு குடிமகன் கேட்டால் உரிமம் 'வழங்க வேண்டும்' என்கிறது. பயிர்க்காவலுக்கு, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. நரிக்குறவர் கையில் ஊர் பார்த்துப் பழகிய அதே ரகம். 21 வயது ஆகியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, மறுப்பதற்கான காரணங்களும் சட்டத்திலேயே உண்டு. ஆனாலும் சாதாரண இரட்டைக்குழலுக்கு வாசல் திறந்துதான் இருக்கிறது.

செமி ஆட்டோமேட்டிக் என்றதும் அந்த வாசல் சாத்திக்கொள்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் அது முதல் வகையில், 20 அங்குலத்துக்குக் குறைந்த குழல்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் முடிகிற காரியம் இல்லை, டெல்லி விவகாரம். அமெரிக்காவில் கடையில் சாதாரணமாகத் தொங்கும் பதினெட்டரை அங்குலக் குழல், இங்கே ஒன்றரை அங்குலக் குறைவால் வேறு சாதி ஆகிவிடுகிறது!

சட்டம் விட்டாலும் உப்பு விடாது. மரக்காணத்தில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டிக் கழுவெளி, நடுவே பாத்தி பாத்தியாக உப்பு. இரும்பு கேட், சைக்கிள் செயின், ஃபேன் இறக்கை எதையும் அந்தக் காற்று சும்மா விடுவதில்லை. துப்பாக்கியின் நீலக் கறுப்புப் பூச்சு மிக மெல்லிய ஆக்சைடு படலம். குளோரைடு பட்டால் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு உள்ளே இறங்கும்.

செமி ஆட்டோவின் சிக்கல் இங்கேதான். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1902 முதல் பெல்ஜியத்தில் தயாரான ஆட்டோ-5, சுடும்போது எழும் உதைப்பையே பயன்படுத்திக் குழலைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றியது. பின்னால் வந்த பல மாடல்களில் குழலிலுள்ள சிறு துளை வழியாகப் புகை வந்து பிஸ்டனைத் தள்ளும். துளை, பிஸ்டன், ஸ்பிரிங் என எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஆறு மாதம் அலமாரியில் தூங்கிய பிறகு ஒரு ராத்திரி முதல் குண்டு போகும், இரண்டாவது சிக்கிக்கொள்ளும். தோட்டா வீரியம் குறைந்திருந்தாலும் இதே கதைதான். கடல் பயணத்துக்கென்று நிக்கல் பூச்சோடு வந்த ரெமிங்டன் 870 மரைன் மேக்னம்கூட கையால் இழுத்து ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன்தான்.

இரட்டைக்குழலை மடக்கித் திறந்தால் குழலின் இரு முனையும் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் துரு இருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். இரண்டே குண்டு என்பது குறைதான், மறுப்பதற்கில்லை. நான்கு பேர் வந்தால் என்ன செய்வது என்பவருக்கு, கலெக்டர் உரிமத்துக்குள் வரும் நீளக்குழல் பம்ப் ஆக்‌ஷன் நடுவழி.

அடுத்து, மாற்றி அமைக்கும் ஆசை. குழலை வெட்டிக் குட்டையாக்க நினைப்பவர்கள் 6ஆவது பிரிவைப் படிக்கட்டும். உரிமமின்றிக் குழலைக் குறைப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் அதில் சேர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது சின்னச் சின்ன வேலைகள்தான். ஆறடி வெள்ளைக்காரனுக்கு அளவெடுத்த கட்டையை ஐந்தரை அடி ஆள் தோளில் வைத்தால் கன்னத்தில் அறை நிச்சயம் :-) உரிமம் பெற்ற துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்து, பின்கட்டையை அளவுக்குக் குறைத்து ரப்பர் பட்டை வைத்துக்கொள்ளலாம். பளபளக்கும் வேறு எந்தச் சாமானையும்விட இது உபயோகம்.

தோட்டாவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்.ஜி., எஸ்.ஜி. போன்ற பெரிய குண்டுகளுக்குக் கீற்றுத் தட்டியும் தகரமும் ஒரு பொருட்டே இல்லை. உப்பளத்துத் தனி வீட்டில் சுட்டால் குண்டு பாத்தியில் விழலாம். சுவரோடு சுவர் ஒட்டிய குப்பத்து வீட்டில் அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாய் வரை போகும். அங்கே துப்பாக்கியே வேண்டாம்; நல்ல தாழ்ப்பாள், வாசலில் விளக்கு, குரைக்கிற நாய் போதும்.

சுட்ட பிறகும் கணக்கு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆவது பிரிவு, இரவில் வீட்டை உடைத்து நுழைபவன் விஷயத்தில் தற்காப்பு உரிமையை உயிர் பறிக்கும் அளவுக்கு நீட்டுகிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37ஆவது பிரிவு கட்டுப்போடுகிறது. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்லி நிற்பது கடினம்.

இன்னொன்று. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஒப்படைக்கும் முன் குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு இரண்டு முறை இழுத்துவிட்டு, ரசீதையும் மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் முதல் வேலை, மடக்கித் திறந்து வெளிச்சத்தில் பார்ப்பது.