மலைப்பாதை மதிக்கும் கார்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு வேகம் போகும் என்பதுதான். ஓட்டுவதில் ருசி கண்டவர்கள் அதைக் கடைசியாகத்தான் கேட்பார்கள். இலங்கை மலைநாட்டில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. குடிமனைகள் நெருங்கிய பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், மற்றச் சாதாரண வீதிகளில் 70 என்று சட்டம் வகுத்த எல்லையைக்கூட இங்கே பாதையே தொடவிடுவதில்லை. அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நுவரெலியா ஏறும் ஏ7 வீதியிலும், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து லக்சபான, பொல்பிட்டிய என்று இறங்கும் ஒடுங்கிய பாதைகளிலும், நேராக நீளும் துண்டு அரிது. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும்.

வளைவில் ஒரு கார் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை எஞ்சினின் பலம் தீர்மானிப்பதில்லை. டயர் பாதையைப் பிடிக்கும் பிடியும் வளைவின் ஆரமுமே தீர்மானிக்கின்றன. 15 மீற்றர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில், நல்ல டயர் காய்ந்த தாரில் தரக்கூடிய பிடியைக் கணக்கிட்டால், மணிக்கு 40 கிலோமீற்றரைச் சற்று முன்பின்னாகத் தொடலாம். அதற்கு மேல் கார் வழுக்கும். 100 குதிரைவலுக் காருக்கும் 500 குதிரைவலுக் காருக்கும் இதே கணக்குத்தான். மழை பெய்து, தேயிலைச் சரிவிலிருந்து சேறு வழிந்து வந்திருந்தால் இரண்டும் இன்னும் மெதுவாகவே போகவேண்டும். கூடுதல் குதிரைவலுவெல்லாம் வளைவுக்கும் வளைவுக்கும் இடையிலுள்ள சில நொடிகளுக்கு மட்டுமே உதவும். அந்தச் சில நொடிகளுக்காகக் கோடிகளைக் கொட்டுவது அவரவர் விருப்பம்.

ஆகவே ரசிகர்கள் தேடும் குணங்களில் முதலாவது எடைக் குறைவு. பாரம் குறைந்த கார் சொன்னவுடன் திரும்பும், சொன்னவுடன் நிற்கும், டயரையும் பிரேக்கையும் குறைவாகத் தின்னும். பிரித்தானியாவின் எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்றது இந்த எளிமையால்தான். அதன் எஞ்சின் 1.8 லீற்றர், வலு நூறு குதிரைக்குக் கீழே. அதே காலத்து லோட்டஸ் எலான் அதைவிட மிக இலேசானது. அதன் ஸ்டியரிங்கை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். எண்ணெய் ஒழுகுவதும் மின் இணைப்புகள் காலைவாருவதும் அக்காலத்துப் பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களோடு ஒட்டிப் பிறந்த பழக்கங்கள். 1989இல் ஜப்பானின் மஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு ஆசனத் திறந்த காரைக் கொண்டுவந்து, அந்தப் பழைய சுவையை ஒழுகாத எஞ்சினோடு தந்தது. ஆயிரம் கிலோவுக்குக் குறைந்த எடை, 1.6 லீற்றர் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்த பாரம். அது 2016இல் பத்து இலட்சத்தை எட்டி, உலகில் அதிகம் விற்ற இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரைத் தக்கவைத்திருக்கிறது.

பாரம் பிரிந்திருக்கும் விதமும், எந்தச் சக்கரங்கள் காரை ஓட்டுகின்றன என்பதும் ஓட்டுநருக்குக் கையில் தெரியும். முன்சக்கரங்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றால், வளைவில் வேகம் கொடுக்கும்போது காரின் மூக்கு வெளிப்பக்கம் தள்ளும். பின்சக்கர ஓட்டத்தில் அந்த வேலைகள் பங்கிடப்படுவதால் ஸ்டியரிங் சுத்தமாக இருக்கும். டயர் பிடி தளரத் தொடங்குவது விரலுக்கு முன்கூட்டியே தெரியவரும். இந்தத் தகவல்தான் ரசிகனின் போதை. போர்ஷ் 911 எஞ்சினைப் பின் அச்சுக்கும் அப்பால் வைத்துக்கொண்டு அறுபது ஆண்டுகளாக பாரத்தைச் சமமாகப் பிரிக்கும் இலக்கணத்தை மீறிவருகிறது. அதற்கும் பக்தர்கள் குறைவில்லை. கையால் மாற்றும் கியரும் இப்படித்தான். நேரக் கணக்கில் இன்றைய தானியங்கிக் கியர் அதை வென்றுவிட்டது. ஆனால் கினிகத்தேனை ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்குச் சரியான நேரத்தில் இறக்கிய திருப்தியைத் தானியங்கி தராது.

மலை இன்னொரு கணக்கையும் வைத்திருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானாக உறிஞ்சும் சாதாரண எஞ்சின் ஏறக்குறைய அதே விகிதத்தில் வலுவை இழக்கும். கொழும்பில் 120 குதிரைவலு தந்தது நுவரெலியாவில் நூறு தந்தால் பெரிது. டர்போ பொருத்திய எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் இலங்கைப் பந்தயக்காரர்களின் நெஞ்சில் இடம்பிடித்ததற்கு இது ஒரு காரணம். ஈரத்திலும் சரளையிலும் கைவிடாத நான்கு சக்கர ஓட்டம் மற்றொன்று. உண்மையில் அது நான்கு கதவுள்ள குடும்பக் காரின் உடம்புக்குள் ஒளிந்த பந்தயக் கார்.

ஏறுவதைவிட இறங்குவதே காரின் தரத்தைக் காட்டும். ஆயிரம் கிலோ கார் 600 மீற்றர் உயரத்தை இறங்கும்போது விடுபடும் சக்தி, 17 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். உயரத்திலிருந்து விழும் நீரின் சக்தியைப் பொல்பிட்டிய மின்நிலையம் மின்சாரமாக்குகிறது. இறங்கும் காரின் சக்தியோ பிரேக் தட்டுகளில் வெப்பமாகிறது. பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் பிடி தளரும். கியரைக் குறைத்து எஞ்சினையே பிடிமானமாகப் பயன்படுத்துவது தேயிலை லொறிச் சாரதிகள் அறிந்த பழைய பாடம். நல்ல ஸ்போர்ட்ஸ் கார் அந்தப் பாடத்துக்கு இசைந்து வரும். பாரமான சொகுசுக் கார் முரண்டு பிடிக்கும்.

இந்த ருசியை முறைப்படி தீர்த்துக்கொள்ள மலைநாட்டிலேயே இடம் உண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தோட்டப் பாதையில் 1934 முதல் மலையேற்றப் பந்தயம் நடந்துவருகிறது. ஏப்ரல் வசந்தகாலத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு போட்டியிடும். எதிரே பேருந்து வராது. ஜப்பானில் 1995இல் வெளிவரத் தொடங்கிய ஷுய்ச்சி ஷிகெனோவின் ‘இனிஷியல் டி’ என்ற படக்கதை, தோஃபு கொண்டுசெல்லும் பழைய டொயோட்டாவில் மலைப்பாதையில் வலிய கார்களை வெல்லும் பையனைச் சொல்லி, உலகெங்கும் ஒரு தலைமுறைக்கு மலைப்பாதை மோகத்தை ஊட்டியது. அந்த மோகத்தைப் பொதுவீதிக்குக் கொண்டுவருபவர்கள் நினைவில் வைக்கவேண்டியது, 2023 ஜனவரியில் நானுஓயா ராதெல்லவில் பேருந்தும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்ததைத்தான். அது பந்தயத்தால் வந்ததல்ல. ஆனாலும் இந்தச் சரிவுகள் எதையும் மன்னிப்பதில்லை. பாதையோரத்தில் லயத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்துபோகிறார்கள்.

இலங்கையில் விலை இந்த ஆசைக்குத் தனிக் கடிவாளம் போடுகிறது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. பெற்றோல் கார்களுக்கு வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுவதால், பெரிய எஞ்சின் கொண்டவை பெரும் பணக்காரர்களுக்கே எட்டும். ஆனால் பொல்பிட்டியவிலிருந்து மேலேறும் பாதைக்கு அவை தேவையும் இல்லை. 1.5 லீற்றர் எஞ்சினும் ஒரு தொன்னை ஒட்டிய எடையும் கொண்ட இன்றைய எம்.எக்ஸ்-5ஐ, சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே இங்கே முழுதாக ஓட்டி அனுபவிக்கலாம். ஐந்நூறு குதிரைவலுக் காரின் பெரும்பகுதி இந்த வளைவுகளில் வேலையில்லாமல் கிடக்கும்.