வாட்டம்

கடந்த கோடை விடுமுறையில் மெல்பர்னில் தம்பி வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். இங்கே வெயில், அங்கே குளிர்காலத்தின் தொடக்கம். அப்பா இறந்தபின் ஏழு மாதங்களாக அம்மா அங்கேதான் இருக்கிறாள். போன நான்காம் நாள் தம்பி என்னைச் சமையலறைக்கு அழைத்து, "அப்பாகூடப் போய் வாட்டம் பார்த்தவரு நீங்கதானே, இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்றான்.

அப்பா கட்டடக் கொத்தனார். தளம் போட்டு முடித்ததும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தியிருந்து பார்ப்பார். ரசமட்டம் பொய் சொன்னாலும் தண்ணீர் சொல்லாது என்பது அவர் கட்சி. நான் தமிழ் படித்து ஆசிரியனானேன். ஆனாலும் தம்பியின் கண்ணில் இந்த விஷயத்தில் நானே வாரிசு.

அவன் காட்டியது அவனுடைய எஸ்பிரெசோ இயந்திரம். அந்த ஊரில் இது பெரிய மதம். உலகப்போருக்குப் பின் குடியேறிய இத்தாலியர்கள் பரப்பியது. பூர்க் தெருவில் 1954இல் தொடங்கிய பெல்லெக்ரினி கடைக்கு முதல் நாளே என்னை யாத்திரைபோல அழைத்துப் போயிருந்தான். வீட்டு இயந்திரம் தண்ணீர்க் குழாயோடு நேராக இணைக்கப்பட்டது. ஒன்பது பார் அழுத்தத்தில் வெந்நீர் காப்பித்தூளின் ஊடே பாயும். கோப்பை நிறைந்து கைப்பிடியை இறக்கியதும், மிஞ்சிய அழுத்தம் கொஞ்சம் நீரோடும் தூளோடும் அடித்தட்டில் சீறி வெளியேறும். அங்கிருந்து ஒரு சின்னக் குழாய் மேடையின் துளை வழியாக இறங்கிச் சிங்க்கின் கழிவுக் குழாயில் சேர்கிறது. உள்ளே வரும் தண்ணீருக்கு அத்தனை பலம் இருக்க, வெளியேறும் தண்ணீருக்கு வாட்டம் மட்டுமே துணை. சில வாரங்களாக அது இறங்காமல் தட்டிலேயே தேங்கி நின்றது.

சிங்க்கில் தண்ணீர் திறந்துவிட்டேன்; தடையின்றிப் போனது. ஆகவே கோளாறு இடையில்தான். கீழ் அலமாரியைத் திறந்தால் இருபது கிலோ அரிசி மூட்டை. அது குழாயின் நடுப்பகுதியை மேலே தூக்கியிருக்க, அதற்கு முன்னால் குழாய் தொய்ந்து பள்ளமாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் அங்கே நிற்கும். கூடவே வரும் தூள் படியும். கசடு என்ற சொல்லை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறவன் நான். அன்று அதைக் கையால் அள்ளினேன்.

கழற்றிய குழாயை வாளியில் உதறியபோது, எதிர்பார்த்த கரிய சேற்றோடு வெள்ளையாகத் திரிந்த கட்டிகளும் விழுந்தன. புளித்த நாற்றம். குளிரில் உறைந்த பால்கொழுப்பு. தம்பி பால் சேர்ப்பதில்லை. அவன் மனைவி தேநீர்க்காரி. பாலை நுரைக்கவைத்து அவன் தினமும் காலையில் ஒரே ஒரு கோப்பைதான் தயாரிக்கிறான், அம்மாவுக்கு.

வெந்நீரும் இயந்திரத்துக்கான சுத்திகரிப்புப் பொடியும் விட்டுக் குழாயைக் கழுவினேன். அரிசி மூட்டையை இடம் மாற்றினேன். எங்கும் தொய்யாமல் ஒரே சரிவாகக் குழாயைக் கட்டி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் குந்தியிருந்து பார்த்தேன். சரசரவென்று இறங்கியது.

மாலையில் தனியாக இருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"ரெண்டு வாய்க்கு மேல முடியலைடா, கசக்குது. அவன் ஆசையாப் போட்டுக் குடுத்துட்டு வேலைக்கு ஓடுறான். எப்படிச் சொல்ல?"

"சிங்க்குலயே ஊத்தியிருக்கலாமே?"

"குழாயைத் திறக்கணும். மேல அவளுக்குச் சத்தம் கேக்கும்."

"அப்ப காலையில என்னதான் குடிக்கிறே?"

"வெந்நி."

ஊரில் விடிந்ததும் அப்பாவும் அவளும் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு தம்ளர் குடிப்பார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாவது இருக்கும். அவளுடைய பில்டர் எங்கே என்று கேட்டேன். பெட்டிக்கு அடியில், சேலைக்குள் சுற்றி வைத்திருந்தாள். இதை நான் அவனிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை. அது சரியா என்று இரவெல்லாம் யோசித்தேன்.

சனிக்கிழமை டாண்டினாங்கில் இருக்கும் இந்தியக் கடைகளுக்குப் போகும் வழியில், காரில் சொல்லிவிட்டேன். அவன் பேசவில்லை. அடுத்த சிக்னலில் வண்டி நின்றபோது, "ஏழு மாசமாண்ணே?" என்று மட்டும் கேட்டான். கடையில் சிக்கரி கலந்த தூள் அரைக்கிலோ வாங்கினான். எத்தனை விழுக்காடு சிக்கரி என்று அட்டையை இருமுறை படித்தான்.

மறுநாள் காலை அந்தப் பளபளக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் எவர்சில்வர் பில்டர் நின்றது. தூளை அளவு பார்த்துப் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கொரு முறை மேலடுக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி.

"என்னண்ணே, இதுவும் இறங்க மாட்டேங்குது. தட்டவா?"

"தட்டாதேடா" என்றாள் அம்மா அறைக்குள்ளிருந்து. "அது அப்படித்தான் இறங்கும்."