மரை கழண்ட கேஸ்

"மரை கழண்ட கேஸ்"னு நம்ம பக்கம் கிண்டல் பண்றதுண்டு இல்லையா? போன வாரம் நிஜமாவே ஒண்ணு காரைக்குடிக்கு வந்தது. தொண்டியில் வள்ளம் வச்சிருக்கிற மாப்பிள்ளை, அவுட்போர்டு இஞ்சினோட அலுமினிய பாகத்தைச் சாக்கில் சுத்தி எடுத்து வந்தார். 8 எம்எம் போல்ட்டைக் கழட்டினப்ப மரையும் பொடிப்பொடியா கூடவே வந்துடுச்சாம். புதுசு வாங்கக் காசில்லை. கடலுக்குப் போயே நாலு நாளாச்சு.

உப்புத் தண்ணியில இரும்பும் அலுமினியமும் ஒட்டி இருந்தா அது ஒரு குட்டி பேட்டரி. அரிபடுறது அலுமினியம்தான். (இந்த மாதிரி அரிமானத்தையும் ஆராயறதுக்கு நம்ம ஊர்ல 1953-லிருந்து சிக்ரி இருக்கு, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர்ல!)

லேத் பட்டறை அண்ணன் வெல்டிங் வேணாம்னுட்டார். துளையை 8.3-க்குப் பெருசாக்கி, அதுக்குன்னு இருக்கிற டேப்பால புது மரை வெட்டி, ஹெலிகாயில்ங்கிற ஸ்டீல் சுருளை உள்ளே திருகினார். டிரில் கொஞ்சம் சாய்ஞ்சாலும் மொத்த பாகமும் காயலான் கடைக்குத்தான். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார். விளிம்புக்கு அரைச் சுத்து கீழே சுருள் நின்னதும், அதோட அடிக்கொக்கியைத் தட்டி உடைச்சு எடுத்தார் அண்ணன். போல்ட் கையாலேயே இறங்கிச்சு.

"சுருளும் ஸ்டீல்தானே, மறுபடி அரிக்காதாண்ணே?"ன்னேன். அரிக்கும், அதனால கிரீஸ் தடவிப் பூட்டணும், அப்பப்ப கழட்டிப் பார்க்கணும்னார். மாப்பிள்ளை காதுல வாங்கின மாதிரி தெரியலை. தொண்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டார்.