சீனப் போனில் தமிழ் ஏற்றுபவர்

அண்ணாசாலையை ஒட்டி நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பிரிந்து கிடக்கும் வட்டாரம் முழுவதற்குமே சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் என்றுதான் பேர். தரைத்தளக் கடைகளில் சார்ஜரும் கவரும் டிஸ்ப்ளேயும் விற்கிறார்கள். நான் பார்க்கப் போனவர் மாடியில் இருக்கிறார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் அறை. ஒரு பழைய கம்ப்யூட்டர், மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர் மெஷின், ஆணியில் வரிசையாகத் தொங்கும் டாங்கிள்கள். பலகையில் ‘மொபைல் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. வெளிநாட்டுப் போன்களுக்கு இந்த ஊர் சாஃப்ட்வேர் போடுவதில் கைதேர்ந்தவர் என்பதால், அக்கம்பக்கத்து மெக்கானிக்குகளே தங்களிடம் வரும் போன்களை இவரிடம் கொடுத்தனுப்புகிறார்கள்.

அன்று மேசைமேல் இருந்தது சீனாவில் வாங்கிய ரெட்மி நோட் 11. கொண்டுவந்தவர் அங்கே மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பிய பெண். போனை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும். மெனுவிலோ தமிழ் இல்லை. பிளே ஸ்டோரும் இல்லை. வாட்ஸாப்பில் மகள் அனுப்பும் செய்தி, போனைக் கையில் எடுத்துத் திறக்கும்வரை வந்ததாகவே காட்டுவதில்லை. கூகுள் 2010-ல் தன் தேடல் சேவையைச் சீனாவிலிருந்து ஹாங்காங்குக்கு நகர்த்தியது. பிளே ஸ்டோர் அங்கே கிடையாது. அந்தச் சந்தைக்கென்று தயாராகும் போன்கள் அந்த ஊர்ச் செயலிகளுக்கு ஏற்றபடி அமைக்கப்படுகின்றன. பின்னணியில் ஓடும் மற்றவற்றைச் சீக்கிரமே மூடிவிடுகின்றன.

“அண்ணா, மெனு முழுக்கத் தமிழ்ல வந்துடுமா?”

“வந்துடும்மா. ஆனா அம்மா இதுல பேங்க் ஆப் வச்சுக்குவாங்களா, அதை முதல்ல சொல்லு.”

இந்தக் கேள்வியை அவர் ஏன் முதலில் கேட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் அவர் செய்ததையெல்லாம் பார்த்த பிறகுதான் விளங்கியது.

முதல் கண்டம் பெயரிலேயே இருக்கிறது. ரெட்மி நோட் 11 என்ற பெயரில் உலகச் சந்தையில் விற்ற போனில் ஸ்னாப்டிராகன் 680 சிப். சீனாவில் அதே பெயரில் விற்ற 5ஜி போனில் மீடியாடெக் டைமென்சிட்டி 810. சீனத்துப் போனின் உடன்பிறப்பு இந்தியாவில் ரெட்மி நோட் 11டி 5ஜி என்ற வேறு பெயரில் வந்தது. பெட்டியில் இருக்கும் பெயரை நம்பி சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டால் போன் டெட். அதனால் இவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கம்பெனிக்குள் அந்த மாடலுக்கு வைத்த ரகசியப் பெயர் ஒன்று இருக்கும். இந்தப் போனுக்கு அது எவர்கோ. கம்ப்யூட்டரோடு இணைத்து அந்தப் பெயரைப் போனிடமே கேட்டு வாங்குகிறார். அது பொருந்தினால்தான் அடுத்த வேலை.

இரண்டாவது பூட்லோடர் பூட்டு. போன் ஆன் ஆகும்போது கம்பெனி கையொப்பமிட்ட சாஃப்ட்வேர்தானா என்று பார்க்கும் காவல் அது. ரெட்மியைத் தயாரிக்கும் ஷாவ்மியின் போன்களில் அதைத் திறக்க, சிம் போட்டு, கணக்கைப் போனோடு இணைத்து, 168 மணி நேரம் காத்திருக்கச் சொன்னது கம்பெனி. அந்தப் பெண் முந்தைய வாரமே வந்து இணைத்துவிட்டுப் போயிருந்தார். காசு கொடுத்து வாங்கிய பொருளில் தன் அம்மாவின் மொழி வருவதற்கு ஒருவர் ஏழு நாள் காத்துக் கிடப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கடைக்காரரிடம் சொன்னேன்.

“பூட்டே வேணாம்னு சொல்ல மாட்டேன் சார். இல்லன்னா திருட்டுப் போனுங்கதான் இங்க குவியும். சாவி வாங்கினவங்க கையில இருக்கணும், அவ்ளோதான்.”

அந்தச் சாவி வருடத்துக்கு வருடம் கைநழுவிக்கொண்டிருக்கிறது. ஹுவாவே 2018-ல் திறப்புக் குறியீடு கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஷாவ்மி 2023-ல் ஹைப்பர்ஓஎஸ் என்ற இயங்குதளத்தைக் கொண்டுவந்தபோது சீனப் பயனர்களுக்கு விதிகளை மேலும் இறுக்கியது. புதுச் சீனப் போன்களை இவர் இப்போது பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார். ஷாவ்மி சீன மாடல்களை மட்டுமே நம்பிக் கடை போட்டவர்கள் டிஸ்ப்ளே மாற்றும் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்.

பூட்டைத் திறந்தால் போனிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். படங்களை அந்தப் பெண் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். எடுக்கச் சொன்னவரும் இவர்தான். ஆனால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மீடியாடெக் சிப் உள்ள போன்களில் என்விரேம் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் சிக்னலுக்கான அளவீடுகளும் அதில்தான். மீடியாடெக்குக்கு சாஃப்ட்வேர் ஏற்றும் ஃபிளாஷ் கருவியில் ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்று’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அவசரத்தில் அதை அழுத்தினால் என்விரேமும் போய்விடும். போன் ஓடும், சிம் ஓடாது. இவர் எந்த வேலையையும் தொடங்குமுன் அந்தப் பகுதியைப் பிரதி எடுத்து, தேதி போட்டுத் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கிறார். இதற்கென்று தனிக் காசு வாங்குவதில்லை. நான் பார்த்தவற்றில் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் ஓர் இளைஞர் மாடியேறி வந்தார். வேறெங்கோ செய்த வேலையில் ஐஎம்இஐ போய்விட்ட போன். “ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுக் குடுங்கண்ணே, நெட்வொர்க் வந்தா போதும்.”

“நான் தொட மாட்டேன் தம்பி. பில்லை எடுத்துக்கிட்டுக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போ.”

ஐஎம்இஐ எண்ணில் கைவைப்பது 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். அதைச் செய்து கொடுத்துச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் இந்தத் தொழிலே சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறது. இளைஞர் முகம் வாடிப் போனார். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ரெட்மியை மறுபடி கையில் எடுத்தார்.

இனி ஏற்றுவதுதான். ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்துப் பிடித்ததும் திரையில் ஃபாஸ்ட்பூட் என்ற எழுத்து. ஷாவ்மியின் ஃபிளாஷ் கருவியில், அடிப்பக்கம் மூன்று தேர்வுகள். திறந்தவுடன் ‘அழித்து, பூட்டு’ என்பதில்தான் புள்ளி நிற்கும். சீன வன்பொருளில் இந்திய சாஃப்ட்வேரை ஏற்றிப் பூட்டிவிட்டால், ஊர் பொருந்தவில்லை என்று போன் கண் விழிக்க மறுத்துவிடும். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் போன்களை அதிகம் கொல்வது இந்த ஒரு புள்ளியால்தான். இவர் புள்ளியை மாற்றினார், கையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார், பிறகுதான் தொடங்கினார். பட்டை நகர்ந்து முடிந்தது. முதல் தடவை ஆன் ஆவதற்கு நேரம் பிடித்தது. மொழிப் பட்டியலில் தமிழ் வந்தது. அந்தப் பெண் தானே அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படித்துப் பார்த்தார்.

பேங்க் ஆப் கேள்வி இப்போதுதான் பொருள்பட்டது. பூட்டு திறந்தே இருக்க வேண்டிய போன், கூகுளின் நம்பகத்தன்மைச் சோதனையில் முழுத் தேர்ச்சி பெறுவதில்லை. அதைப் பார்த்து நடக்கும் வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கலாம். திரைப்படச் செயலிகளில் படத்தின் தரம் குறையலாம். சில 4ஜி, 5ஜி அலைவரிசைகளுக்கான பாகம் போனுக்குள் இல்லையென்றால் எந்த சாஃப்ட்வேரும் அதைக் கொண்டுவராது. இவற்றையெல்லாம் வேலைக்கு முன்பே சொல்லி, வேண்டாம் என்று எழுந்து போகவும் இடம் கொடுக்கிறார். போகிறவர்களும் உண்டு. அம்மா பணம் அனுப்பப் பழைய போனே போதும் என்று இந்தப் பெண் முடிவெடுத்தார்.

  

கிளம்புமுன் நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு மாடலும் எதில் பிழைத்தது, எதில் செத்தது என்று வருடக்கணக்காகத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். தம்பி முறையுள்ள ஒரு பையன் அதைப் படித்துத்தான் வேலை கற்றுக்கொள்கிறான். அன்றைய வரி இது: ‘எவர்கோ. சீனா டூ இந்தியா. என்விரேம் எடுத்தாச்சு. லாக் பண்ணக் கூடாது. பேங்க் ஆப் ஓடாமப் போகலாம், சொல்லியாச்சு.’ அதன் பக்கத்தில் அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைப் பெற்றுக்கொண்டார்.