தொண்ணூறு நாள் ஐரோப்பாவும் ஒரு பாகூர்க்காரனும்

"மூணு மாசம் ஐரோப்பாவைச் சுத்திட்டு வந்தேன்" என்று சொன்னால் சென்னை நண்பர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எங்கள் பாகூர் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சொல்தா வீடுகள் உள்ள ஊர் இது, எங்களுக்கு என்ன பெரிய விஷயம்! (தெரியாதவர்களுக்கு: சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வரும்.)

எங்கள் குடும்பத்தில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டாலும், ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் தானாகவே இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் தாத்தாவின் தம்பி எழுதிக் கொடுத்தார். தாத்தா கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "நடவு, அறுவடைன்னு வேலை கெடந்துச்சு. ஆபீசு ஆபீசா யாரு அலையறது?" என்பார். அவ்வளவுதான் காரணம்! அந்த ஒரு காகிதத்தால் ஒரு கிளை பாரீஸ் பக்கம் போய்விட்டது. இன்னொரு கிளை, அதாவது நான், விசா வரிசையில் நின்றேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் நீண்ட நாள் சுற்ற நினைப்பவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி 90 இல்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். சின்னத் தாத்தா தன் ஊர் மேரியில் வாங்கி அனுப்பிய அழைப்புச் சான்றுதான் எனக்கு விசா வாங்கித் தந்தது. நோட்டில் 90 கட்டம் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பத்து நாளில் எட்டு நாடு பார்க்கும் டூர் எனக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. ஊர்கள் குறைவாக இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கலாம். ஹாஸ்டலில் பொது அறை, அங்கேயே சமையல். மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் ஒரு ஊர் சுற்றுலாத் தலம் என்பது போய் ஊராகத் தெரிய ஆரம்பிக்கிறது.

கார்க்கசோன் என்று தெற்கு பிரான்சில் ஒரு கோட்டை ஊர். இரட்டை மதில், கூம்புக் கூரை வைத்த கோபுரங்கள். முதல் நாள் அசந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, அந்த மதிலை இடித்துவிடலாம் என்று ஒரு காலத்தில் அரசாங்கமே முடிவு செய்திருக்கிறது. ஊர்க்காரர்கள் எதிர்த்ததால் தப்பியது. 1853-லிருந்து வியோலே-லெ-டுயூக் என்ற கட்டடக் கலைஞர் பழுது பார்த்தார். நான் படம் எடுத்துத் தள்ளிய கூம்புக் கூரைகள் பல அவர் வைத்தவை!

போலந்தின் வார்சா இதற்கும் மேலே. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான பழைய நகரத்தை, 18-ம் நூற்றாண்டு ஓவியங்களைக்கூடப் பார்த்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1980-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். இது என்ன, போலி ஊரா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு நம்ம புதுச்சேரி நினைவுக்கு வந்தது. 1761-ல் ஆங்கிலேயர்கள் இடித்துப்போட்ட பிறகு திரும்பக் கட்டிய ஊர்தானே அது? 2014 மழையில் விழுந்த கடற்கரை மேரி கட்டடத்தையும் அதே தோற்றத்தில் கட்டி 2021-ல் திறந்தார்களே? பழைய ஊர் என்பது தானாக நிற்பதில்லை. யாரோ ஒருவர் நிற்க வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

கடைசியாக ஜெர்மனியின் ட்ரியர். இதற்கு மட்டும் சின்னத் தாத்தாவும் கூட வந்தார். எண்பது வயது தாண்டியவர். அங்கே இருந்த பிரெஞ்சுப் படை முகாமில் அவர் மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறார். ஊர் நடுவில் போர்த்தா நீக்ரா என்ற ரோமானியர் காலத்துக் கல் வாசல், கரேலென்று நிற்கிறது. பிற்காலத்தில் அதைத் தேவாலயமாக மாற்றிக்கொண்டதால்தான் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகாமல் விட்டார்களாம்.

"மேல ஏறிப் பாத்திருக்கீங்களா தாத்தா?"

"இல்லடா. லீவு வந்தா ஊருக்கு வரத்தான் காசு சேப்பேன். இதெல்லாம் யாரு பாத்தா?"

தன் வாசலில் இருந்த ஐரோப்பாவை அவர் பார்க்கவில்லை. 90 கட்டம் போட்ட நோட்டோடு நான் நிற்கிறேன். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அடுத்து அவர் கேட்டதுதான் சரியான அடி.

"நம்ம மூலநாதர் கோயில் சுவத்துல கல்வெட்டு இருக்கே, என்னா எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. சோழர் காலத்துக் கோயில் என்று மட்டும் தெரியும். சைக்கிளை அந்த மதிலில் சாத்திவிட்டுக் கிரிக்கெட் ஆடியவன் நான்.

பாரீஸ் திரும்பியதும் படிக்க உட்கார்ந்தேன். 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்திருக்கிறது. அதை நடத்த மூன்று கிராமங்களைக் கொடுத்ததாக சமஸ்கிருதத்திலும் தமிழிலும் எழுதிய ஐந்து செப்பேடுகள் 1879-ல் கிடைத்தன. கிடைத்தவை எங்கே போய்ச் சேர்ந்தன தெரியுமா? பாரீஸ் தேசிய நூலகத்துக்கு! எங்களுக்கெல்லாம் முன்னாடியே விசா இல்லாமல் போன பாகூர்க்காரர் அதுதான். நூலகத்தின் ரிஷ்லியூ கட்டட வாசலில் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அது 86-வது கட்டம்.

ஊருக்கு வந்து முதல் ஞாயிறு மூலநாதர் கோயிலை மெதுவாகச் சுற்றினேன், ட்ரியரில் சுற்றிய மாதிரியே. ஒரு எழுத்தும் படிக்க வரவில்லை. இப்போது கல்வெட்டு எழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். க, த, ப மட்டும் பிடிபடுகிறது.

சின்னத் தாத்தா பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஓசிஐ அட்டை கைக்கு வரும் வரை, பிறந்த வீட்டைப் பார்க்க அவரும் விசா வாங்கித்தான் வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் ஒரு வரியாவது படித்துக் காட்ட வேண்டும்.